கூந்தல் சொல்லும் ஊர்: மட்டாஞ்சேரிச் சுவர் முதல் அமெரிக்கக் கறுப்பர் ஓவியம் வரை

மிளகும் சுக்கும் விற்கிறவனுக்குப் பெண்கள் கூந்தலைப் பற்றி எழுத என்ன வந்தது என்று மலர்க் குழு நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் கடை வைத்திருக்கிறேன். கடைக்கும் அரண்மனைக்கும் நடந்து போகிற தூரம்தான். மத்தியான வேளையில் வியாபாரம் மந்தமாக இருந்தால் அங்கே போய் நிற்பது என் வழக்கம். அப்படி நின்று பார்த்ததில் கிளம்பிய யோசனைதான் இது. படித்துப் பட்டம் வாங்கியவன் எழுதும் கட்டுரை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டச்சு அரண்மனை என்று பேர். கட்டியவர்கள் என்னவோ போர்த்துக்கீசியர். 1555 வாக்கில் கட்டி, கொச்சி அரசர் வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். 1663ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைப் பழுதுபார்த்தார்கள், பேரையும் தட்டிக்கொண்டு போனார்கள். மேல்தளத்துப் பள்ளியறையில் தசரதன் வேள்வியில் தொடங்கி அயோத்தி திரும்புவது வரை ராமாயணம் சுவர் நிறைய இருக்கிறது. கோசலை, கைகேயி, சுமித்திரை மூவரும் பிரசவிக்கும் காட்சியைக் கூட ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள். கீழே பெண்கள் அறையில் வேறு உலகம். கோபியர் சூழ்ந்த கிருஷ்ணன், மோகினியின் பின்னால் போகும் சிவன், முடிக்காமல் வெறும் கோட்டோடு நின்றுபோன குமாரசம்பவக் காட்சிகள்.

இந்தச் சுவர்களில் சிவப்பும் மஞ்சளும் மண்ணிலிருந்து வந்தவை. வெள்ளை சுண்ணாம்பு. கறுப்பு எண்ணெய் விளக்கின் புகைக்கரி. நம் வீட்டுப் பாட்டிமார் கண்ணுக்கு மை கூட்டிய அதே கரிதான். அந்தப்புரத்துக் கோபியரின் கூந்தல் முழுக்க விளக்குக் கரி என்று நினைத்துப் பார்த்தால் படமே வேறு மாதிரி தெரிகிறது. இந்தக் கரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் பின்பகுதியில் அமெரிக்காவில் மறுபடியும் வரும்.

1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த அறைக்குள் இருபத்து நான்கு வயசுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்து நகல் வரைந்தாள். அம்ரிதா ஷேர்கில். 1913ல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா உம்ராவ் சிங் பஞ்சாபிச் சீக்கியர், அம்மா ஹங்கேரிக்காரி. படிப்பு பாரிசில். எந்த ஊர்க்காரி என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத பிறப்பு. நம் பிள்ளைகளுக்கு இருக்கிற சங்கடம்தான் அது, அவருக்குக் கொஞ்சம் பெரிய அளவில் இருந்தது. சீக்கியருக்குக் கேசம் மதக் கட்டளை, வெட்டக் கூடாது. உம்ராவ் சிங் குளித்துவிட்டு நீளமான தலைமுடியை அவிழ்த்துவிட்டபடி தன்னைத்தானே புகைப்படம் எடுத்துக்கொண்டவர். அப்பாவின் கூந்தலைப் பார்த்து வளர்ந்த மகள் ஓவியத்தில் கூந்தலை அலட்சியமாக விடுவாளா?

பாரிசில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த 1932ஆம் வருஷத்து ஓவியம் 'இளம் பெண்கள்'. இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி அம்ரிதாவின் தங்கை இந்திரா, சரியாக உடுத்தி நிமிர்ந்திருக்கிறாள். இன்னொருத்தி பிரெஞ்சுத் தோழி. வெளிர் நிறக் கூந்தல் அவிழ்ந்து முன்னால் விழுகிறது. ஒரு பெண் தன்னைக் கட்டி வைத்திருக்கிறாள், ஒரு பெண் அவிழ்த்து விட்டிருக்கிறாள். தான் இரண்டில் எது என்று அம்ரிதா கேட்டுக்கொண்ட மாதிரி எனக்குப் படுகிறது. இதில் நமக்கு ஒரு உறவும் உண்டு. அந்த இந்திராதான் பிற்பாடு கல்யாண் சுந்தரம் என்ற தமிழரை மணந்தார். நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த கே.வி.கே. சுந்தரம் அவர்களேதான். இவர்கள் மகன் விவான் சுந்தரம் 2012ல் நடந்த முதல் கொச்சி பினாலேயில், பட்டணம் அகழ்வில் கிடைத்த ஓட்டுச் சில்லுகளையும் மிளகையும் வைத்து 'கறுப்புத் தங்கம்' என்று ஒரு படைப்பு செய்தார். பெரியம்மா வந்துபோன ஊருக்கு எழுபத்தைந்து வருஷம் கழித்து மகன் மிளகோடு வந்தார். மிளகு வியாபாரி நான் இதை எழுதாமல் விட்டால் பாவம்.

கொச்சி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி என்று போய்விட்டு வடக்கே திரும்பிய அதே 1937ல் அம்ரிதா எழுதிய படம் 'மணப்பெண் அலங்காரம்'. இப்போது டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நடுவில் மணப்பெண். உள்ளங்கையில் மருதாணிச் சிவப்பு. பின்னால் இருப்பவள் அவள் கூந்தலை எடுத்து முடிக்கிறாள். கல்யாண வீடு என்று சொன்னால்தான் உண்டு. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. கூந்தல் இன்னொருத்தி கையில் இருக்கிறது, அடுத்து தான் போகப் போவதும் இன்னொருவர் வீட்டுக்கு என்பது அந்தப் பெண்ணின் உட்காரும் விதத்திலேயே தெரிகிறது. அஜந்தாவின் செல்வாக்கு இதில் உண்டு என்று அறிஞர்கள் சொல்வார்கள், சரிதான். ஆனால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து உடம்பாலேயே பேசிக்கொள்வது மட்டாஞ்சேரிக் கீழறையிலும் இருக்கிறது. இது என் கணிப்பு. ஒப்புக்கொள்ளாதவர்கள் ஒரு நாள் வாருங்கள், டிக்கெட் நான் எடுக்கிறேன்.

அம்ரிதாவுக்கு அறுபத்து நாலு வருஷம் முன்னால் கேரளத்துக் கூந்தல் உலகம் சுற்றிவிட்டது. கிளிமானூர் ராஜா ரவிவர்மா, 1873ல், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணை எழுதினார். சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம்; வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அவர் பேர் வெளியே தெரிந்ததே இந்தப் படத்தால்தான். ஐரோப்பியர்கள் அதைப் பார்த்து, மலையாளப் பெண் என்றால் இப்படி, கூந்தலில் மல்லிகையோடு இருப்பாள் என்று மனதில் எழுதிக்கொண்டார்கள். 1889ல் மைசூருக்காக எழுதிய 'இசைக் கலைஞர் குழு' படத்தில் பதினோரு பெண்கள். புடவைக் கட்டிலும் தலை வாரலிலும் ஒருத்தி மாதிரி இன்னொருத்தி இல்லை. இந்தியாவை வரைபடத்தில் காட்டாமல் பெண்களின் தலையில் காட்டிய ஆள் ரவிவர்மா.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. 1873ல் மல்லிகை சூடிய கூந்தல் நாயர் பெண்ணுக்கு அடையாளம். நான் 1978ல் இந்த ஊருக்கு வந்தபோது, கல்யாணம் திருவிழா தவிர்த்துச் சாதாரண நாளில், தெருவில் ஒரு பெண் தலையில் பூ வைத்துக்கொண்டு போனால் அவள் தமிழச்சி என்று அர்த்தம். மலையாளப் பெண்கள் குளித்த தலையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் எடுத்துத் தளர்வாகக் குளிப்பின்னல் போட்டு, மிச்சத்தை விரித்து விட்டிருப்பார்கள். நம்மவர்கள் எண்ணெய் வைத்து இறுக்கி மூன்று கால் பின்னல் போட்டு மேலே பூ. நூறு வருஷத்தில் ஒரு பூ ஒரு தலையிலிருந்து இறங்கி இன்னொரு தலையின் முத்திரையாகிவிட்டது. அந்தப் பூவும் சத்தியமங்கலத்திலிருந்தும் தோவாளையிலிருந்தும் வந்து இறங்குகிற பூதான். ஆகவே 'இது எங்கள் ஆதிகாலத்து அடையாளம்' என்று எந்த அலங்காரத்தைப் பற்றி யார் சொன்னாலும் நான் கொஞ்சம் நிதானித்துத்தான் கேட்பேன்.

நம் பழைய நூல்களில் பெண் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று ஒரு பேர் உண்டு. குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என்று ஐந்து வகை என்பது ஒரு கணக்கு. ஒரே தலையை ஐந்து விதமாகக் கட்டத் தெரிந்த ஜனங்கள் நாம். கூந்தல் மணம் இயற்கையா செயற்கையா என்று கடவுளையே வம்புக்கிழுத்த கதையும் நம்முடையதே. கண்ணகி கூந்தலை அவிழ்த்துக்கொண்டு பாண்டியன் சபைக்குள் வந்ததும், வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது. அந்தக் கண்ணகியோடு மதுரை வரை நடந்து வந்த துணை யார்? கவுந்தி அடிகள். எங்கள் சமணத் துறவி. தலைமுடியைத் தன் கையாலேயே பறித்துக்கொள்ளும் கேசலோச நோன்பு ஏற்ற சாதி அது.

எங்களைப் பழித்துப் பாடியவர்கள் எல்லாரும் முதலில் பிடித்துக்கொண்டது அந்தப் பறித்த தலையைத்தான். அடையாளம் என்று வந்துவிட்டால் முடி இருந்தாலும் பேச்சு, இல்லாவிட்டாலும் பேச்சு. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று குண்டலகேசி. பத்தொன்பது பாட்டுதான் மிஞ்சியிருக்கிறது. கதை பௌத்த நூல்களில் கிடைக்கிறது. ராஜகிருகத்து வணிகர் மகள் பத்திரை, கொல்லப் பார்த்த திருட்டுப் புருஷனை மலையிலிருந்து தள்ளிவிட்டு, சமணப் பெண் துறவிகளிடம் வந்து சேர்ந்தாள். அவர்கள் முடியைப் பறித்தார்கள். மறுபடி முளைத்தபோது சுருள் சுருளாக வந்தது; அதனால் குண்டலகேசி, சுருள்முடிக்காரி. பிறகு வாதத்தில் தோற்றுப் பௌத்தத்துக்குப் போய்விட்டாள். ஆள் அவர்கள் பக்கம் போனாலும் சுருள் முடி எங்கள் கைவண்ணம் என்று என் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பதிலுக்கு எங்கள் பக்கத்தார் பாடியது நீலகேசி, கருங்கூந்தல்காரி. அதை உரையோடு 1936ல் அச்சேற்றியவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள். இரண்டு மதங்கள் தத்துவச் சண்டை போட்டுக்கொண்டன. இரண்டு பக்கத்துக்கும் பேசியவள் பெண், இரண்டு பெண்ணுக்கும் பேர் கூந்தலால் வந்தது.

முடியைத் துறந்த மதம் முடியை வெறுத்ததா என்றால் அதுவும் இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துச் சித்தன்னவாசல் சமணக் குகைக்குப் போய்ப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். தூணில் ஆடுகிற பெண்கள். உயரத் தூக்கிக் கட்டிய கொண்டை, அதில் பூவும் நகையும். துறவிகளுக்கான குகையில் இதை வரைய விட்டவர் ரசிகராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இனி அமெரிக்கா. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழியில் வந்த பெண்களுக்குக் கூந்தல் ஒரு வழக்கு மன்றமாகவே இருந்திருக்கிறது. 1786ல், அப்போது ஸ்பெயின் கையில் இருந்த லூயிசியானாவில், ஆளுநர் மீரோ ஒரு உத்தரவு போட்டார். கறுப்பு, கலப்பினப் பெண்கள் தலையில் அலங்காரம் செய்யக் கூடாது, துணியால் கட்டி மறைக்க வேண்டும். அவர்கள் தலை அலங்காரம் வெள்ளைக்காரச் சீமாட்டிகளை மங்க அடித்துவிட்டது என்பதுதான் சங்கடம். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உத்தரவுப்படியே துணி கட்டினார்கள். நல்ல வண்ணத் துணியாக, எடுப்பாக, முடிச்சு முடிச்சாகக் கட்டினார்கள். மறைக்கச் சொன்னதே அலங்காரமாகிவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் இன்னும் மோசம். 1950ல் மக்கள் பதிவுச் சட்டம் வந்த பிறகு ஒரு ஆள் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் சொருகிப் பார்த்தார்கள். விழுந்தால் ஒரு இனம், சுருளில் சிக்கி நின்றால் வேறு இனம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் கூடப் பிரிந்து போனார்கள். 1860ல் சென்னையிலிருந்து கப்பலேறிப் போன நம்மவர்கள் இறங்கிய டர்பன் இருக்கும் நாடு அது என்பதை மறக்க வேண்டாம்.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் ஓவியத்தில் கொண்டு வந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல். 1955ல் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் பிறந்தவர். 1993ல் ஒரு முடிதிருத்தும் கடையை ஆள் உயரத்துக்கு மேலே பெரிய துணியில் எழுதினார். 2012ல் பெண்களுக்கான அழகு நிலையம் ஒன்றை எழுதினார். 'அழகின் பள்ளி, பண்பாட்டின் பள்ளி' என்று பேர். கறுப்புப் பெண்கள் தலை வாரிக்கொள்கிறார்கள், நிற்கிறார்கள், கண்ணாடி பார்க்கிறார்கள். கோவில் மண்டபம் போல ஒரு களை. ஆனால் தரையில் ஏதோ கோணலாக, நசுங்கின மாதிரி மிதக்கிறது. ஒரு பக்கமாக நின்று பார்த்தால்தான் புரியும்: கேலிச்சித்திரப் படத்து இளவரசியின் பொன்முடித் தலை. பெரியவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை, ஒரு சின்னக் குழந்தை மட்டும் குனிந்து பார்க்கிறது.

எத்தனை அழகு நிலையம் நடத்தினாலும் நடுவில் அந்த வேற்றுத் தலை மிதந்துகொண்டுதான் இருக்கும், முதலில் பார்ப்பது குழந்தைதான். ஒரு புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மார்ஷல் தன் மனிதர்களைப் பழுப்பிலோ தவிட்டு நிறத்திலோ எழுதுவதில்லை. மூன்று வகைக் கறுப்பு: எலும்புக் கரி, புகைக்கரி, இரும்புக் கறுப்பு. இவற்றைத்தான் கலந்து கலந்து முகமும் முடியும் எழுதுகிறார். கறுப்பு ஒரே நிறமல்ல, அதற்குள்ளே ஏற்ற இறக்கம் உண்டு என்று நிரூபிக்கிறார். மட்டாஞ்சேரிச் சித்திரக்காரர் கூந்தலுக்கு வைத்த விளக்குக் கரியின் தம்பிதான் அந்தப் புகைக்கரி.

இதுவரை ஓவியம். வியாபாரி கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. அமெரிக்காவிலும் லண்டனிலும் லாகோசிலும் கறுப்புப் பெண்கள் தலையில் வைத்துத் தைத்துக்கொள்ளும் நீளக் கூந்தலில் பெரும்பங்கு எங்கிருந்து போகிறது? நம் பக்கத்திலிருந்துதான். திருமலை கல்யாணக்கட்டாவில் பக்தர்கள் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் நீளத்தைப் பார்த்துத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. 31 அங்குலத்துக்கு மேல் முதல் தரம், அப்புறம் படிப்படியாக இறங்கி, 5 அங்குலத்துக்குக் கீழே கடைசி, நரை தனி. நாங்கள் மிளகைப் பருமன் பார்த்துப் பிரிக்கிற மாதிரியேதான். பழனி, திருத்தணி, சமயபுரம் முடியும் ஏலத்துக்குப் போகிறது. வீதியில் வந்து சீப்பில் உதிர்ந்த சிக்கு முடிக்கு ஊசி, பாத்திரம் கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் தனி. பச்சை முடியைச் சுத்தம் செய்யாமல் வெளிநாட்டுக்குக் கடத்துவது அதிகமாகி, 2022 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்கே கட்டுப்பாடு போட்டது.

2004ல் நடந்ததை நம் ஜூ டவுன் பக்கத்தில் இருப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். வைதீக யூதப் பெண்கள் கல்யாணத்துக்குப் பின் சொந்த முடியை மறைத்துச் செயற்கைக் கூந்தல் அணிவார்கள். அதில் இந்தியக் கோவில் முடி இருக்கிறது, அது தெய்வத்துக்குப் படைத்தது, ஆகவே கூடாது என்று எருசலேம் மூத்த ரப்பி எலியாஷிவ் அந்த மே மாதம் தீர்ப்புச் சொன்னார். புருக்ளினில் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 1568ல் கட்டிய பரதேசி யூதப்பள்ளி இருக்கும் நம் ஊரில் அப்போது எஞ்சியிருந்த யூதர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. இங்கே அந்தக் கூந்தல் வழக்கத்தை நான் கண்டதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். வேண்டுதலுக்காக ஒரு கிராமத்துப் பெண் இறக்கிய முடி, ஒரு ஊரில் அழகு, ஒரு ஊரில் தீட்டு. கொடுத்தவளுக்கு இரண்டும் தெரியாது. மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள்.

இதைக் கேட்டு, கறுப்புப் பெண்கள் அடுத்தவர் முடியை வைத்துக்கொள்கிறார்களே என்று யாரும் உதட்டைச் சுழிக்க வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்குச் சவுரி வைத்துப் பின்னாமல் என்றைக்கு ஜடை அலங்காரம் நடந்தது?

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 2018 டிசம்பரில் தொடங்கிய நான்காவது பினாலேயில் பங்கெடுத்தவர்களில் டர்பனுக்குப் பக்கத்து உம்லாசியில் பிறந்த ஜனேலே முகோலி ஒருவர். ஓவியரல்ல, புகைப்படக்காரர். தை மாசம் லீவில் வந்திருந்த என் மகளோடு போய்விட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவருடைய தன்னுருவப் பட வரிசையை மகள் கணினியில் எடுத்துக் காட்டினாள். ஒன்றில் தலை நிறையத் துணி மாட்டும் கிளிப்புகள். வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தன் தாய்க்காக எடுத்த படம் அது. தாய் கையில் இருந்த கிளிப்பு மகள் தலையில் கிரீடமாக ஏறிவிட்டது. என் மகள் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, ஆயா தினம் வச்சு விட்ட பூவை நான் என்ன செய்வேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. 1994லிருந்து அவள் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தாள். என் அம்மா அப்போது எங்களோடு இருந்தார்கள். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். காலையில் முதல் வேலை பேத்திக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, வாசலில் வரும் பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கி வைத்து விடுவதுதான். மலையாளம் பேசத் தெரியாத என் அம்மாவுக்கு இந்த ஊரில் பேரம் பேச முடிந்த ஒரே ஆள் அந்தப் பூக்காரி; அவளும் தமிழ்.

"வகுப்புல 'பாண்டி வருது, பூ வாசனை வருது'ன்னு சொல்லுவாங்க. கல்வத்தித் தோட்டுப் பாலம் வந்ததும் எடுத்துத் தண்ணில போட்டுருவேன். பின்னலையும் அவுத்துத் தளத்திக்குவேன். சாயந்தரம் வரும்போது திரும்ப இறுக்கிப் பின்னிக்குவேன். பூ எங்கேன்னு ஆயா கேட்டா, பிரெண்டுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லுவேன். ஆயாவுக்கு ரொம்ப சந்தோஷம். மறுநாள் ஒன்றரை முழம் வாங்குவாங்க."

நாலு வருஷம் இப்படி நடந்திருக்கிறது. நான் கடையில் இருந்தேன். பாண்டி என்றால் பாண்டிய நாட்டுக்காரன், அது பெருமையான சொல்தான் என்று ஒரு தடவை அவளிடம் சரித்திரம் பேசியது நினைவிருக்கிறது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குச் சரித்திரம் எதற்கு?

அம்மா 2003ல் காலமானார்கள். பேத்திக்குப் பள்ளியில் நிறையத் தோழிகள் என்று கடைசி வரைக்கும் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.